மார்பகப் புற்றுநோய்க்கான ஹார்மோன் மாத்திரை: தொடர்வதா, நிறுத்துவதா?

மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சையும், தேவைப்பட்டோருக்குக் கீமோதெரபியும் கதிர்வீச்சும் முடிந்த பிறகு, பல பெண்களுக்கு 5 ஆண்டுகள் அல்லது அதற்கும் மேலாக நாள்தோறும் ஒரு மாத்திரை தரப்படுகிறது. இது ஹார்மோன் சிகிச்சை எனப்படும். நோய் மீண்டும் வராமல் தடுப்பதே இதன் நோக்கம். டமாக்சிஃபென், அனஸ்ட்ரோசோல், லெட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன் ஆகியவை இதற்குப் பரவலாகப் பயன்படும் மருந்துகள். மூட்டு வலி, திடீரென உடலில் பரவும் சூடு, தூக்கமின்மை போன்ற பக்கவிளைவுகளால் பலர் இம்மாத்திரையைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். தொடர்வதா, நிறுத்துவதா என்ற முடிவை எடுக்க எவற்றையெல்லாம் கருத்தில் கொள்ள வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

முடிவு ஏன் கடினமானது

கீமோதெரபியின் துன்பம் கடுமையானது. ஆனால் அதற்கு முடியும் நாள் ஒன்று உண்டு. கடைசிச் சுற்று முடிந்ததும் முடி வளரத் தொடங்குகிறது, பசி திரும்புகிறது. ஹார்மோன் மாத்திரையின் துன்பம் பெரும்பாலும் அத்தனை கடுமையானதல்ல. ஆனால் 5 ஆண்டுகள் என்பது 1,800 நாட்களுக்கும் மேல்.

மற்றொரு காரணமும் உண்டு. துன்பம் கண்ணுக்குத் தெரிகிறது, நன்மை தெரிவதில்லை. காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாத வலியைப் பெண் தாமே உணர்கிறார். நோய் திரும்பாமல் இருப்பது மாத்திரையாலா, அறுவை சிகிச்சையே போதுமானதாக இருந்ததாலா என்பதை அவரால் அறிய முடியாது. கட்டி அகற்றப்பட்டு, பரிசோதனை முடிவுகள் நன்றாக இருக்கும்போது, உடலை வருத்தும் மாத்திரை எதற்கு என்று தோன்றுவது இயல்பே.

அமெரிக்காவின் வடக்குக் கலிபோர்னியாவில் 8,769 பெண்களின் மருந்து வாங்கிய பதிவுகளை ஆராய்ந்து 2010-இல் ஓர் ஆய்வு வெளியானது. நாலரை ஆண்டுக் காலம் முழுவதும் மாத்திரையை ஒழுங்காக எடுத்துக்கொண்டவர்கள் 49 விழுக்காட்டினர் மட்டுமே. முன்கூட்டியே நிறுத்தியவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்ததை அதே ஆய்வுக் குழு அடுத்த ஆண்டு தெரிவித்தது. ஆகவே மாத்திரையை விட நினைப்பவர் தனி ஒருவர் அல்லர். ஆனால் அம்முடிவு சிறியதும் அல்ல.

மருந்து செயல்படும் விதம்

உலக அளவில் பெரும்பான்மையான மார்பகப் புற்றுநோய்களின் செல்களில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் காணப்படுகின்றன. ஈஸ்ட்ரோஜன் இந்த ஏற்பிகளில் பொருந்தும்போது செல் வளரத் தூண்டப்படுகிறது. 1896-இல் கிளாஸ்கோ நகர அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், சூலகத்தை அகற்றியபின் மார்பகப் புற்றுநோய் சுருங்கியதை லான்செட் இதழில் பதிவு செய்தார். ஈஸ்ட்ரோஜன் என்ற பொருள் கண்டறியப்படுவதற்கு முன்பே இது நிகழ்ந்தது.

டமாக்சிஃபென் 1962-இல் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வகத்தில் வேதியியலாளர் டோரா ரிச்சர்ட்சனால் உருவாக்கப்பட்டது. முதலில் அது கருத்தடை மருந்தாகவே ஆராயப்பட்டது. பூட்டின் துளையை வேறொரு சாவி அடைத்துக்கொள்வது போல, இது மார்பகச் செல்களின் ஏற்பியில் அமர்ந்து ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கிறது. ஆனால் கருப்பையிலும் எலும்பிலும் இது ஈஸ்ட்ரோஜனைப் போலவே நடந்துகொள்கிறது. எனவே மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்பை இது காக்கிறது. அதே வேளையில் கருப்பை உட்சுவரில் புற்றுநோய் வரும் வாய்ப்பைச் சிறிது கூட்டுகிறது.

மற்ற மூன்று மருந்துகளும் அரோமடேஸ் தடுப்பான்கள். மாதவிடாய் நின்ற பிறகும் கொழுப்பு முதலிய திசுக்களில் அரோமடேஸ் என்ற நொதியின் உதவியால் சிறிதளவு ஈஸ்ட்ரோஜன் உருவாகிறது. இம்மருந்துகள் அந்த நொதியைத் தடுக்கின்றன. உடலில் ஈஸ்ட்ரோஜன் மிகவும் குறைந்துவிடுவதால் மூட்டு வலியும் எலும்பு மெலிதலும் ஏற்படுகின்றன. மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு, சூலகத்தின் செயல்பாட்டை நிறுத்தும் ஊசி முதலிய வழிகளுடன் சேர்த்தே இவை தரப்படும்.

நன்மையைக் கணக்கிடுதல்

ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள புற்றுநோயில், 5 ஆண்டுகள் டமாக்சிஃபென் எடுத்துக்கொள்வது மார்பகப் புற்றுநோயால் ஏற்படும் இறப்பை முதல் 15 ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளியிடப்பட்ட முடிவு இது.

"மூன்றில் ஒரு பங்கு" என்பது எல்லோருக்கும் ஒரே அளவு நன்மையைக் குறிப்பதில்லை. விளக்கத்துக்காக ஒரு கணக்கைப் பார்க்கலாம். ஒரு பிரிவில் மாத்திரை இல்லாவிட்டால் 100 பெண்களில் 30 பேர் நோயால் இறக்கக்கூடும் எனக் கொள்வோம். மாத்திரையால் அது 20 ஆகக் குறையும். 10 பேர் காப்பாற்றப்படுவர். வேறொரு பிரிவில் 100 பேரில் 3 பேருக்கே அந்த ஆபத்து எனில், அது 2 ஆகும், காப்பாற்றப்படுபவர் ஒருவர். விகிதம் ஒன்றே, நன்மையின் அளவு வேறு. ஆகவே "இந்த மாத்திரை நல்லதா?" என்று கேட்பதைவிட, "என் நிலையில் உள்ள 100 பெண்களில் எத்தனை பேருக்கு இது உதவும்?" என்று கேட்பதே பயன் தரும்.

அந்த ஆபத்து கட்டியின் அளவு, அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவல், கட்டியின் தரநிலை ஆகியவற்றைப் பொறுத்தது. 5 ஆண்டு ஹார்மோன் சிகிச்சையை முடித்து, அதுவரை நோயின்றி இருந்த பெண்களைப் பற்றிய தொகுப்பாய்வு ஒன்று 2017-இல் வெளியானது. கட்டி 2 செ.மீ. அல்லது அதற்குக் குறைவாக இருந்து, நிணநீர் முடிச்சுகளில் பரவாதிருந்தவர்களில் 13 விழுக்காட்டினருக்கு 5-ஆம் ஆண்டுக்கும் 20-ஆம் ஆண்டுக்கும் இடையில் உடலின் வேறு பகுதிகளில் நோய் தோன்றியது. அதே அளவு கட்டியுடன் 4 முதல் 9 முடிச்சுகளில் பரவியிருந்தவர்களில் இது 34 விழுக்காடு. இவ்வகைப் புற்றுநோய் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து பின்னர் தலைகாட்டக்கூடியது என்பதையும் இந்த எண்கள் காட்டுகின்றன.

நிறுத்துவதற்கும் பொறுப்பதற்கும் இடையில்

பல பெண்கள் இரண்டே வழிகள் இருப்பதாக நினைக்கிறார்கள்: பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்வது, அல்லது யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுவது. இவ்விரண்டுக்கும் இடையில் பல வழிகள் உள்ளன.

மருந்தை மாற்றுதல்: ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் அதே வகையின் இன்னொன்று ஒத்துக்கொள்ளலாம். பிரான்சில் நடந்த ஓர் ஆய்வில், மூட்டு வலியால் அனஸ்ட்ரோசோலை நிறுத்திய பெண்களுக்கு லெட்ரோசோல் தரப்பட்டது. 6 மாதங்களுக்குப் பிறகும் அவர்களில் சுமார் 70 விழுக்காட்டினர் அதைத் தொடர்ந்தனர். அரோமடேஸ் தடுப்பானிலிருந்து டமாக்சிஃபெனுக்கு மாறுவதும் உண்டு.

மூட்டு வலி: ஒழுங்கான உடற்பயிற்சி வலியைக் குறைக்கிறது என்பது ஆய்வில் தெரிந்த செய்தி. விறுவிறுப்பான நடையும், தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் சேர்ந்திருப்பது நல்லது. அக்குபஞ்சர், டுலாக்ஸெடின் என்ற மருந்து ஆகியவையும் சிலருக்குப் பயன் தந்துள்ளன.

உடலில் பரவும் சூடு: இதைத் தணிக்க வென்லாஃபாக்சின், கபாபென்டின் போன்ற மருந்துகளை மருத்துவர் தரலாம். மன அழுத்தத்துக்குத் தரப்படும் பராக்ஸெடின், ஃபுளூஆக்ஸெடின் ஆகிய இரண்டும், டமாக்சிஃபெனைச் செயல்படும் வடிவுக்கு மாற்றும் கல்லீரல் நொதியைத் தடுக்கக்கூடியவை. எனவே வேறு மருத்துவரிடம் செல்லும்போதும் டமாக்சிஃபென் எடுப்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

எலும்பு மெலிதல்: அரோமடேஸ் தடுப்பான் தொடங்கும்போதே எலும்பின் அடர்த்தியை அளந்துகொள்வது வழக்கம். தேவைக்கேற்பக் கால்சியம், வைட்டமின் டி, சோலெட்ரானிக் அமில ஊசி ஆகியவை தரப்படும்.

பெண்ணுறுப்பு வறட்சி: கூச்சத்தால் பலர் வெளியே சொல்லாத தொல்லை இது. ஹார்மோன் கலக்காத ஈரப்பதக் களிம்புகள் உள்ளன. மருத்துவரிடம் சொல்லத் தயங்குவோர் செவிலியரிடம் சொல்லலாம். ஒரு தாளில் எழுதியும் கொடுக்கலாம்.

சிறிய இடைவெளி: வலி மாத்திரையால்தானா என்று அறிய, மருத்துவரின் மேற்பார்வையில் சில வாரங்கள் நிறுத்திப் பார்ப்பது ஒரு வழி. புற்றுநோய் வரும் ஆபத்து மிகுந்த, ஆனால் நோய் வராத பெண்களிடம் நடந்த ஐபிஸ்-2 ஆய்வில், அனஸ்ட்ரோசோல் எடுத்தவர்களில் 64 விழுக்காட்டினர் தசை, மூட்டு சார்ந்த தொல்லைகளைக் கூறினர். மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களிலும் 58 விழுக்காட்டினர் அவற்றையே கூறினர். வலி பொய் என்பது இதன் பொருளல்ல. வலி உண்மையே, ஆனால் வயது, மாதவிடாய் நிற்றல், முந்தைய கீமோதெரபி போன்றவையும் அதற்குக் காரணமாகலாம். காரணம் வேறாக இருந்தால் மாத்திரையை விட்டாலும் வலி போகாது. பாதுகாப்பு மட்டுமே போய்விடும்.

மகப்பேறு: குழந்தை பெற விரும்பும் இளம் பெண்களுக்கும் இடைவழி உண்டு. 2023-இல் வெளியான பாசிட்டிவ் ஆய்வில், 18 முதல் 30 மாதங்கள் சிகிச்சை பெற்ற 42 வயதுக்கு மேற்படாத பெண்கள், கருத்தரிப்பதற்காக 2 ஆண்டுகள் வரை மாத்திரையை நிறுத்தினர். முதல் 3 ஆண்டுகளில் அவர்களிடையே நோய் திரும்பிய அளவு 8.9 விழுக்காடு, ஒப்பீட்டுக் குழுவில் 9.2 விழுக்காடு. மாத்திரையை உட்கொள்ளும் காலத்தில் கருத்தரிக்கக் கூடாது. எப்போது நிறுத்திக் கருத்தரிக்க முயல்வது என்பதை மருத்துவருடன் முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

உடனே மருத்துவமனை செல்ல வேண்டிய அறிகுறிகள்

சில அறிகுறிகளைப் பொறுத்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. டமாக்சிஃபென் எடுப்பவருக்கு ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி ஆகியவை இரத்தம் உறைந்திருப்பதன் அடையாளமாகலாம். மாதவிடாய் நின்ற பிறகு ஏற்படும் இரத்தப்போக்கு, மாதவிடாய் உள்ளவரிடம் வழக்கத்துக்கு மாறான இரத்தப்போக்கு ஆகியவற்றுக்குக் கருப்பைப் பரிசோதனை தேவை.

5 ஆண்டுகளுக்குப் பிறகு

சிலரிடம் 5 ஆண்டுகள் முடிந்ததும் மேலும் தொடரச் சொல்வார்கள். அட்லஸ் என்ற பன்னாட்டு ஆய்வு 10 ஆண்டு டமாக்சிஃபெனை 5 ஆண்டுடன் ஒப்பிட்டது. நோய் கண்டறிந்த 5-ஆம் ஆண்டு முதல் 14-ஆம் ஆண்டு வரை மார்பகப் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு, தொடர்ந்தவர்களுக்கு 12.2 விழுக்காடு, நிறுத்தியவர்களுக்கு 15.0 விழுக்காடு. கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு முறையே 0.4, 0.2 விழுக்காடு. அதாவது 1,000 பெண்களில் 28 இறப்புகள் தவிர்க்கப்படுகின்றன, 2 கூடுகின்றன.

நீட்டிப்பது எப்போதும் நன்மையே என்று சொல்லிவிடவும் முடியாது. 2021-இல் வெளியான ஆஸ்திரிய ஆய்வில், 5 ஆண்டு ஹார்மோன் சிகிச்சைக்குப் பின் அனஸ்ட்ரோசோலை மேலும் 2 ஆண்டுகள் எடுத்தவர்களும் மேலும் 5 ஆண்டுகள் எடுத்தவர்களும் நோயின்றி வாழ்ந்த அளவில் வேறுபடவில்லை. நீண்ட காலம் எடுத்தவர்களுக்கு எலும்பு முறிவு மட்டும் அதிகமாக இருந்தது. ஆகவே நீட்டிக்கும்போது, "எனக்கு ஏன்? இன்னும் எத்தனை ஆண்டு?" என்று கேட்பது நியாயமானது.

நிறுத்துவது பொருத்தமாகும் நிலைகள்

இரத்த உறைவு போன்ற கடும் விளைவு ஏற்பட்டால் டமாக்சிஃபெனை மருத்துவரே நிறுத்தி, வேறு மருந்தைக் கருதுவார். நோய் திரும்பும் ஆபத்து மிகக் குறைவாகவும், பக்கவிளைவு அன்றாட வாழ்வைக் குலைப்பதாகவும் இருந்தால் நிறுத்துவது நியாயமான தேர்வாகலாம். முதிர்ந்த வயதில் கடுமையான இதய நோய் போன்றவை இருப்பவருக்கு, பல ஆண்டுகள் கழித்துக் கிடைக்கும் நன்மை பொருந்தாமல் போகலாம். நோய் ஏற்கெனவே மற்ற உறுப்புகளுக்குப் பரவியிருந்தால் கணக்கே வேறு. அங்கு சிகிச்சையின் நோக்கம் நோயைக் கட்டுப்படுத்துவதும் துன்பத்தைக் குறைப்பதுமாகும். ஒரு மருந்து அவ்விரண்டையும் செய்யாதபோது அதை மாற்றுவதோ நிறுத்துவதோ தோல்வியாகாது.

எல்லா வழிகளையும் அறிந்து, முயன்று பார்த்த பிறகு சிகிச்சை வேண்டாம் என்று சொல்லும் உரிமை நோயாளிக்கு உண்டு. குடும்பத்தார் ஆலோசனை சொல்லலாம், துணைக்குச் செல்லலாம். ஆனால் வலியை அனுபவிப்பவரின் சொல்லுக்கே முதலிடம். அவரைப் பேச விடாமல் மற்றவர்களே மருத்துவரிடம் பேசிவிட்டால், அவர் மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டு உட்கொள்ளாமல் இருக்கும் நிலை வரலாம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

மருத்துவரைப் பார்க்கும் நேரம் குறைவு என்பதால், இரண்டு வாரங்களுக்கு நாள்தோறும் பக்கவிளைவுகளை ஒரு நோட்டில் குறித்துச் செல்வது நல்லது. எந்த நேரத்தில் வருகிறது, எந்த வேலையைச் செய்ய முடியவில்லை, தூக்கம் எத்தனை மணி நேரம் என்பவை அதில் இருக்கட்டும். பின்வரும் கேள்விகளையும் எழுதிக்கொள்ளலாம்:

1. என் நிலையில் உள்ள 100 பெண்களில் எத்தனை பேருக்கு நோய் திரும்பும்? மாத்திரை அதை எவ்வளவு குறைக்கும்?
2. இந்தத் தொல்லைக்கு வேறு காரணம் இருக்குமா?
3. இதைத் தணிக்க என்ன செய்யலாம்? வேறு மாத்திரைக்கு மாறலாமா?
4. சில வாரங்கள் நிறுத்திப் பார்க்கலாமா? மீண்டும் எப்போது தொடங்க வேண்டும்?
5. இப்போதே முற்றிலும் நிறுத்தினால் எதை இழப்பேன்?

ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்கள்

சொல்லாமல் நிறுத்திவிட்டவர்களில் சிலர், மருத்துவர் கடிந்துகொள்வார் என்ற அச்சத்தில் பரிசோதனைக்கே போகாமல் இருந்துவிடுகிறார்கள். இது மாத்திரையை விட்டதைவிடப் பெரிய இழப்பாகலாம். எடுத்துக்கொண்ட ஆண்டுகள் வீணாவதில்லை. 5 ஆண்டு டமாக்சிஃபெனின் பாதுகாப்பு, மருந்து முடிந்த பிறகும் சில ஆண்டுகள் நீடிப்பது மேற்கண்ட 2011 தொகுப்பாய்வில் தெரிந்தது. இடைவெளிக்குப் பிறகு மீண்டும் தொடங்குவதும் பலருக்கு இயலும். எந்த மாதம் நிறுத்தினார், எதனால் நிறுத்தினார் என்பதை உள்ளபடியே சொன்னால்தான் மருத்துவரால் அடுத்த வழியைக் காட்ட முடியும். மாத்திரை வேண்டாம் என்று முடிவு செய்தவரும் ஆண்டுதோறும் செய்ய வேண்டிய மேமோகிராம் சோதனையையும் மருத்துவப் பரிசோதனையையும் விடக் கூடாது.