செவேசோ பெண்களின் ரத்தம் சொன்ன கணக்கு

1976 ஜூலை 10, சனிக்கிழமை நண்பகல். இத்தாலியின் மிலான் நகருக்கு வடக்கே, மேதா என்ற ஊரில் இருந்த இக்மேசா ரசாயன ஆலையில் உலை ஒன்று அளவுக்கு மீறிச் சூடேறியது. பாதுகாப்புத் தகடு உடைந்து வெளியேறிய நச்சுப்புகை பக்கத்து ஊரான செவேசோ மீது இறங்கியது. டையாக்சின் என்ற நச்சு ரசாயனக் குடும்பத்திலேயே கொடியதான டி.சி.டி.டி. அதில் கலந்திருந்தது.

சில நாள்களில் முயல்களும் கோழிகளும் செத்து விழுந்தன. பிள்ளைகளின் முகத்தில் கொப்புளங்கள் கிளம்பின. மோசமாகப் பாதிக்கப்பட்ட பகுதியிலிருந்து மக்களை வெளியேற்றத் தொடங்கவே இரண்டு வாரம் ஆனது. கருக்கலைப்புக்குக் கடும் தடை இருந்த நாடு அது. வயிற்றுப் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று கர்ப்பிணிகள் தவிக்க, நாடே இரண்டுபட்டு விவாதித்தது.

ரத்தத்தில் டையாக்சினை அளக்க அன்று வழியில்லை. ஆனாலும் தேசியோ மருத்துவமனை ஆய்வகத்தின் மருத்துவர் பவுலோ மொக்காரெல்லி, அப்போது எடுத்த ரத்த மாதிரிகளை வீசிவிடாமல் உறைய வைத்தார். பத்தாண்டு கழித்து அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் அளக்கும் முறை கைகூடியபோது, ஒவ்வொருவர் உடலிலும் எவ்வளவு நஞ்சு ஏறியது என்பது கணக்காகத் தெரிந்தது.

அந்தக் கணக்கை வைத்து, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பிரெண்டா எஸ்கெனாசி 1996 தொடங்கி 981 பெண்களைத் தேடிப்பிடித்தார். விபத்தின்போது அவர்களில் கைக்குழந்தையும் உண்டு, நாற்பது வயதுக்காரரும் உண்டு. கேட்ட கேள்விகளில் ஒன்று மிக எளியது: கருத்தரிக்க எத்தனை மாதம் ஆனது? ரத்தத்தில் டையாக்சின் 10 மடங்கு கூடினால் அந்தக் காலம் சுமார் 25 சதவீதம் நீண்டிருந்தது. ஓராண்டு முயன்றும் கரு தங்காத வாய்ப்பு ஏறக்குறைய இரட்டித்தது. தொடக்க ஆய்வில் மார்பகப் புற்றுநோய் அபாயமும் அதே அளவில் கூடியிருந்தது.

டையாக்சின் கொழுப்பில் கரைந்து அங்கேயே தங்கிவிடும். உள்ளே போனதில் பாதி வெளியேறவே ஏழெட்டு ஆண்டுகள் பிடிக்கும். செல்லுக்குள் ஏற்பி ஒன்றைப் பற்றிக்கொண்டு ஹார்மோன்களின் வேலையைக் குழப்பும். சிறுமியாக இருந்தபோது சுவாசித்தது, அவள் தாயாக விரும்பும் வயதிலும் உடலில் மிச்சம் இருக்கும்.

இதற்கு ஆலைதான் வெடிக்க வேண்டும் என்பதில்லை. குப்பையோடு பிளாஸ்டிக் எரிந்தாலே டையாக்சின் உருவாகும். சென்னை பெருங்குடி குப்பைமேட்டை ஒட்டி வாழ்ந்த தாய்மாரின் பாலில் டையாக்சின் கூடுதலாக இருந்ததை 2004இல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்று காட்டியது. குப்பையில் மேயும் மாடுகளின் பால் வழியே அது வந்திருக்கலாம் என்றது. இதற்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை, அதன் நன்மையே பெரிது என்பதுதான் மருத்துவ உலகின் முடிவு. நிறுத்த வேண்டியது குப்பையில் வைக்கும் தீயை.

நம் வீடுகளில் பிள்ளைப்பேறு தள்ளிப்போனால் விரல் நீளுவது பெண்ணை நோக்கித்தான். சிகிச்சைக்கு வருபவரிடம் மாதவிலக்குக் கணக்கைக் கேட்கும் மருத்துவர், எந்த ஊரில் வளர்ந்தீர்கள், பக்கத்தில் என்ன எரிந்தது, என்ன ஆலை இருந்தது என்றும் கேட்டுக் குறித்துவைக்கலாம். செவேசோவில் பழி சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது, எழுதிவைத்த கணக்கு இருந்ததால்தான்.