நிலைத்த அமைதி கைகூடுமா?

உலகில் அமைதி நிலைபெறுமா என்னும் வினாவிற்கு விடை தேட நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மலாக்காவின் வரலாறே அதனை ஓரளவு விளக்கும்.

1511இல் போர்த்துகீசியரும் 1641இல் டச்சுக்காரரும் இந்நகரைப் போரிட்டுக் கைப்பற்றினர். 1942இல் ஜப்பானியர் வந்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் ரயில் பாதை அமைக்கக் கொண்டுபோகப்பட்டனர். அவருள் மிகப் பலர் நோயாலும் பட்டினியாலும் காட்டிலே மடிந்தனர். போர் தொடுத்தவர் வேறு, விலை கொடுத்தவர் வேறு.

1963இல் இந்தோனேசியா மலேசியாவுடன் மோதலைத் தொடங்கிற்று. 1964 அக்டோபரில் அந்நாட்டுப் படையினர் மலாக்கா, ஜொகூர் எல்லையிலுள்ள கெசாங் ஆற்றருகே கரையிறங்கினர். ஆயினும் 1966 ஆகஸ்டில் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. மறு ஆண்டே இரு நாடுகளும் ஆசியான் அமைப்பில் ஒன்றுகூடின. பின்னாளில் சிப்பாடான், லிகிட்டான் தீவுகள் பற்றிப் பூசல் எழுந்தபோது, படையை நாடாமல் அனைத்துலக நீதிமன்றத்தை நாடின. 2002இல் தீர்ப்பு மலேசியாவின் பக்கம் அமைந்தது. இந்தோனேசியா அதனை ஏற்றது.

இதனால் பெறப்படுவது யாது? பூசலே எழாத உலகம் வாய்த்தல் அரிது. பூசலைப் போராக விடாத உலகம் அரிதன்று. ஆனால் இரு தரப்பும் இசைந்தாலன்றி அந்நீதிமன்றம் இத்தகைய வழக்கை விசாரிக்க இயலாது. வலிய நாடுகள் இசைய மறுப்பதே பெரும் இடர். தோற்றாலும் தீர்ப்பை ஏற்கும் மனப்பழக்கம் வளர்ந்தாலன்றி அமைதி நிலைக்காது.

ஆகவே, வரலாறு கற்பிக்கும் ஆசிரியர் 1511ஐ மட்டுமன்றி 1966ஐயும் மாணவர் நெஞ்சில் பதிப்பாராக.