மூன்றாம் மாதம் எடை ஏன் அசைய மறுக்கிறது?

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு சைக்கிளில் போகிறீர்கள் என்று வையுங்கள். கோமுகி அணைப் பக்கம் வரை சமவெளி. பிறகு கல்வராயன் மலை ஏற்றம்: அதே மிதி, பாதி வேகம். எடைக் குறைப்பும் அப்படித்தான். முதல் வாரங்களில் மளமளவென இறங்கும் கிலோவில் பெரும்பங்கு தண்ணீர். கல்லீரலும் தசையும் சேமித்த மாவுச்சத்து ஒரு கிராம் கரைந்தால், ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரும் கூடவே போகும். அதன்பின் உடல், வரவு குறைந்த வீடு மாதிரி செலவைச் சுருக்குகிறது. இளைத்த உடம்பை நடத்தக் குறைந்த எரிபொருளே போதும். கொழுப்பு சுருங்க, லெப்டின் ஹார்மோனும் குறைந்து பசி கூடுகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் இளைத்த 14 பேரை 6 ஆண்டுகள் கழித்து அளந்த ஆய்வு 2016இல் வெளியானது. உடலின் இந்தச் செலவுச் சிக்கனம் அப்போதும் அவர்களை விடவில்லை. ‘எனக்கு மனவுறுதி போதாது’ என்று உங்களையே திட்டிக்கொள்வது அநியாயம்.

அப்படியானால் முயற்சி வீணா? இல்லை. அதே குழுவில், உடலுழைப்பைக் கூட்டியவர்களுக்கே எடை குறைவாகத் திரும்பியது. ஆகவே இலக்கைக் கிலோவில் வைக்காமல், நடந்த நிமிடங்களில் வையுங்கள். அது உங்கள் கையில் இருக்கிறது. தராசு நின்ற மாதத்தில் இடுப்பை நாடாவால் அளந்து பாருங்கள். பசிக்கு, மலையில் விளையும் சாமையைத் தவிடு போகாமல் வாங்கிச் சமையுங்கள். அதன் நார்ச்சத்து வயிற்றில் சற்று நேரம் தங்கும்.