மாறுகண் சத்திரசிகிச்சையும் பிள்ளையின் சத்தியும்

மாறுகண் சத்திரசிகிச்சை என்றதும் பெற்றோர் கண்ணை நினைத்தே பயப்படுகிறார்கள். ஆனால் மயக்கம் தெளிந்தபின் பிள்ளையை அதிகம் வாட்டுவது சத்தி. தடுப்பு மருந்து கொடுக்காவிட்டால் பாதிப் பிள்ளைகளுக்குக்கூட இது வரலாம்.

யாருக்கு வரும் என்பதை முன்கூட்டியே ஊகிக்க, 2004ஆம் ஆண்டு ஜெர்மனிய வைத்தியர்கள் நான்கு அடையாளங்களைக் கண்டார்கள்: வயது மூன்றோ அதற்கு மேலோ இருத்தல், சத்திரசிகிச்சை 30 நிமிடமோ கூடவோ நீடித்தல், அது மாறுகண்ணுக்கானதாக இருத்தல், பிள்ளையோ பெற்றோரோ கூடப்பிறந்தோரோ முன்பு சத்திரசிகிச்சைக்குப்பின் சத்தி எடுத்திருத்தல். நான்கும் சேர்ந்தால் நூற்றுக்கு 70 பிள்ளைகள்வரை சத்தி எடுப்பார்கள்.

முதல் மூன்றையும் வைத்தியர் அறிவார். நான்காவதை நீங்கள்தான் சொல்லவேண்டும். இடம்பெயர்ந்தபோது ஆஸ்பத்திரித் துண்டுகள் தொலைந்திருக்கலாம். கவலை வேண்டாம், வாயால் சொன்னால் போதும். அறிந்தால், ஒன்டன்செட்ரோன், டெக்சாமெதசோன் போன்ற மருந்துகளை மயக்கத்திலிருக்கும்போதே ஊசிமூலம் கொடுக்கலாம்.

கெலிஓயாவிலிருந்து விடியற்காலையில் கண்டிக்கு பஸ் ஏறும்போது, பிள்ளை அழுகிறதென்று பாண் துண்டு கொடுத்துவிடாதீர்கள். மயக்கத்தில் வயிற்றிலுள்ளது சுவாசப்பைக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. சோறு, பாண், பால்மா ஆகியவற்றை 6 மணித்தியாலத்துக்கு முன்பும், தாய்ப்பாலை 4 மணித்தியாலத்துக்கு முன்பும், தண்ணீரை 2 மணித்தியாலத்துக்கு முன்பும் நிறுத்துவது வழமை. ஆஸ்பத்திரியில் வேறு நேரம் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

சத்திரசிகிச்சைக்குப்பின் குடிக்கும்படி வற்புறுத்த வேண்டாம். பிள்ளை கேட்டால் மிடறு மிடறாகக் கொடுங்கள். வீடு வந்தபின்னும் சத்தி நிற்காவிட்டால், பிள்ளை சோர்ந்தால், சிறுநீர் குறைந்தால், விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள்.