மின்கட்டணம் எங்கே முடிவாகிறது?

மின்கட்டணம் உயரும்போதெல்லாம் நம் ஆர்ப்பாட்டங்கள் மின்வாரிய அலுவலக வாசலில் நிகழ்கின்றன. ஆனால் சட்டப்படி கட்டணத்தை நிர்ணயிப்பது வாரியம் அன்று, அமைச்சரவையும் அன்று. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். (அரசின் விருப்பத்திலிருந்து ஆணையம் எவ்வளவு விலகி நிற்கிறது என்பது தனி விவாதம்.)

மின்சாரச் சட்டம், 2003 வகுத்துள்ள நடைமுறையில், விநியோக நிறுவனம் தன் வருவாய்த் தேவையைக் கணக்கிட்டு மனுச் செய்கிறது. மின்கொள்முதல், வட்டி, ஊதியம் போன்ற செலவுகள் நியாயமானவையா என ஆணையம் ஆராயும். ஊதிப் பெருக்கியதை வெட்டவும் செய்யலாம். பொதுமக்களின் ஆட்சேபணைகளைப் பரிசீலித்த பின்பே ஆணை பிறப்பிக்க வேண்டும் என்கிறது 64ஆம் பிரிவு. 2022 ஜூலையில் மனு. ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னையில் கருத்துக்கேட்பு. செப்டம்பர் 9 அன்று ஆணை. விழுப்புரத்துக் கூலித் தொழிலாளி ஒருவர் தம் ஆட்சேபணையை நேரில் சொல்ல ஒருநாள் கூலியை இழந்தாக வேண்டியிருந்தது.

அவர் சொல்லியிருக்கக்கூடியது என்ன? காலனி வீடொன்றில் மூன்று குடும்பங்கள், ஒரே மீட்டர் என்று கொள்வோம். இரு மாதத்துக்குக் குடும்பத்துக்கு 200 யூனிட். தனித்தனி இணைப்பு இருந்தால், 2022 ஆணையின்படி, மூவருக்கும் சேர்த்து 675 ரூபாய். ஒரே இணைப்பில் 600 யூனிட்டாகக் கணக்கிடும்போது 2,750 ரூபாய். முதல் 100 யூனிட் இலவசம் என்பது இணைப்புக்குத்தான், குடும்பத்துக்கு அன்று. 2022 ஆணையின் கட்டணத்தில், 500 யூனிட்டைத் தாண்டியபோது 101 முதல் 200 வரையான யூனிட்டுகளின் விலையும் 2.25 ரூபாயிலிருந்து 4.50 ஆகிவிட்டது. பட்டா இல்லாத புறம்போக்குக் குடியிருப்பில் தனி இணைப்புப் பெறுவது எளிதன்று என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதிகம் நுகர்பவர் அதிகம் செலுத்தட்டும் என்ற நியாயமான கொள்கை இங்கே தலைகீழாகிறது.

நுகர்வோரிடையே வேறுபாடு காட்ட 62(3) அனுமதிக்கும் காரணங்களில் மொத்த நுகர்வு உண்டு, இடஅமைவு உண்டு, பயன்பாட்டு நோக்கம் உண்டு. சாதியோ வறுமையோ இல்லை. ஆகவே சலுகை வேண்டுமெனில் 65ஆம் பிரிவின்கீழ் அரசு மானியம் தர வேண்டும். அதையும் முன்கூட்டியே செலுத்த வேண்டும். எனவே நம் கோரிக்கை இரு முகவரிகளுக்குப் போக வேண்டும்: குடும்ப எண்ணிக்கைப்படி கணக்கிடும் முறை கேட்டு ஆணையத்துக்கு, மானியம் கேட்டு அரசுக்கு.

2022 ஆணை இன்னொன்றையும் செய்தது. 2026-27 வரை ஆண்டுதோறும் ஜூலையில், விலைவாசி உயர்வு அல்லது 6 விழுக்காடு, இவற்றில் குறைவான அளவுக்குக் கட்டணம் தானே உயர வழிவகுத்தது. 2024இல் 4.83 விழுக்காடு அப்படித்தான் உயர்ந்தது, புதிய கருத்துக்கேட்பு இன்றியே. அந்தக் காலம் முடிகையில் புதிய மனு வந்தாக வேண்டும். ஆட்சேபணை அளிக்க வழக்கறிஞர் தேவையில்லை. நுகர்வோர் சார்பில் வாதிட ஒருவரை ஆணையமே நியமிக்க 94(3) இடமளிக்கிறது. அதைக் கேட்டு இப்போதே விண்ணப்பிக்கலாம். ஆணை வந்தபின் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் செல்ல 45 நாட்களே உண்டு. ஒரே மீட்டரில் வாழும் குடும்பங்களின் மின்கட்டண ரசீதுகளை அதற்கு முன்பே திரட்டி வைத்திருக்க வேண்டும்.