பள்ளி நேரத்திலேயே ஒரு துணை

1980-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் சான் டியேகோ. பள்ளிகளில் இனப் பிரிவினையை நீக்க வேண்டும் என்ற நீதிமன்ற உத்தரவால், கிளேர்மாண்ட் உயர்நிலைப் பள்ளிக்கு ஏழைக் குடும்பத்துக் கறுப்பின, லத்தீன் பிள்ளைகள் தொலைவிலிருந்து பேருந்தில் வந்து சேர்ந்தார்கள். ‘இவர்களுக்கு எளிய பாடமே போதும்’ என்ற எண்ணத்தை அங்கே ஆங்கிலம் கற்பித்த மேரி கேத்தரின் ஸ்வான்சன் ஏற்கவில்லை. 32 மாணவர்களைத் திரட்டி, கல்லூரிக்கு இட்டுச்செல்லும் கடினமான வகுப்புகளில் சேர்த்தார். அவர்கள் தடுமாறாமல் இருக்கக் கால அட்டவணையிலேயே ஒரு பீரியடையும் ஒதுக்கினார். ‘ஏவிட்’ திட்டம் அப்படித்தான் பிறந்தது.

இதன் உயிர்நாடி ‘டுட்டோரியல்’. வாரத்தில் இரண்டு நாள், ஏழு பேருக்கு மிகாத குழுக்களாக மாணவர்கள் அமர்கிறார்கள். குழுவுக்கு ஒரு வழிகாட்டி. பெரும்பாலும் கல்லூரி மாணவர்.

எங்கே சிக்கியது?

குழுவுக்கு வரும் ஒவ்வொருவரும் ஒரு படிவத்தை நிரப்பிக் கொண்டுவர வேண்டும். ‘கணக்கு புரியவில்லை’ என்று எழுதினால் போதாது. எதுவரை போட்டேன், எந்த வரியில் சிக்கினேன் என்று காட்ட வேண்டும். உதாரணமாக, ஓர் இருபடிக் கோவையைக் காரணிப்படுத்துகிறாள் ஒரு மாணவி. நடு உறுப்பின் கெழு மைனஸ் 5, கடைசி எண் 6. 2, 3 என்ற எண்களைக் கண்டுபிடித்துவிட்டாள், குறியில் குழம்புகிறாள். அவள் பலகைக்குப் போகிறாள். ‘பெருக்கினால் பிளஸ், கூட்டினால் மைனஸ் வர வேண்டுமென்றால், இரண்டுக்கும் என்ன குறி இருக்க வேண்டும்?’ என்று கேட்கிறான் ஒரு தோழன். அவளே விடையை எழுதுகிறாள்.

வழிகாட்டி விடை சொல்வதில்லை. கேள்விகளைத் தூண்டுவதும், விவாதம் வழிதவறாமல் பார்ப்பதுமே அவர் வேலை. முடிவில், இன்று என்ன தெளிந்தது என்று மாணவர்கள் எழுதி வைக்கிறார்கள். கேட்பவனும் கற்கிறான், கேட்கப்பட்டவளும் கற்கிறாள்.

ஏன் பள்ளி நேரத்தில்?

உதவி மிகவும் தேவைப்படும் பிள்ளைதான், பெரும்பாலும் மாலையில் தங்க முடியாத பிள்ளை. பகுதிநேர வேலை, வீட்டில் சின்னஞ்சிறு தம்பி தங்கைகள், தவறவிட முடியாத பேருந்து என்று காரணங்கள் பல. பள்ளி நேரத்துக்குள் வைத்தால் இந்தத் தடைகள் குறுக்கே வருவதில்லை. அட்டவணையிலேயே உள்ள ஒரு பீரியட் என்பதால், ‘மக்குகளுக்கான வகுப்பு’ என்ற கூச்சமும் குறைகிறது.

சிகாகோ அரசுப் பள்ளிகளில் இதே வழியை வேறு வடிவில் சோதித்தார்கள். ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குப் பள்ளி நேரத்திலேயே கணக்குக்குத் தனிப் பீரியட். இரண்டு பேருக்கு ஒரு பயிற்றுநர். 2023-இல் வெளியான ஆய்வு முடிவின்படி கணக்கு மதிப்பெண் தெளிவாக உயர்ந்தது. மற்றப் பாடங்களின் மதிப்பெண்களும் கூடின. பதின்வயதில் பின்தங்கியவர்களை மீட்கவே முடியாது என்ற நம்பிக்கைக்கு இது வலுவான மறுப்பு.

இதற்குச் செலவு உண்டு. வழிகாட்டிகளுக்குப் பயிற்சி வேண்டும், ஊதியம் வேண்டும், அட்டவணையில் இடம் வேண்டும். ஆனாலும் கடினமான பாடத்தை ஒரு பிள்ளையின் முன் வைக்கும் பள்ளிக்கு, அதை எட்டிப்பிடிக்கத் துணை நிற்கும் கடமையும் உண்டு. அந்தத் துணை குடும்பத்தின் பணத்தையும் ஓய்வையும் பொறுத்து அமையக் கூடாது. அது பிள்ளையின் உரிமை. பள்ளி நாளுக்குள்ளேயே கிடைக்க வேண்டும்.