ஒரே மலை, இரண்டு முகவரிகள்

பத்து வருடங்கள் கொழும்பில் வாடகை அறையில் இருந்தேன். வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று நிறுவனம் அனுமதித்ததும் பண்டாரவளைக்குத் திரும்பினேன். நான் பிறந்த தோட்டம் நகரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம். அம்மா இன்னும் அங்கே, லயத்தில்தான் இருக்கிறார். அவரோடு இருந்துகொண்டே மடிகணினியில் வேலை செய்வதுதான் என் திட்டம். அது நடக்கவில்லை.

நிலையான இணைய இணைப்புக்கு விண்ணப்பிக்கப் போனேன். முகவரி கேட்டார்கள், வீடு யாருடையது என்றும் கேட்டார்கள். இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. எங்கள் லயக் காம்பராவுக்கென்று தனி முகவரி கிடையாது. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்துதான் கைமாறும். நிலம் அரசுடையது, 1992 முதல் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்தில் இருக்கிறது. தலைமுறைகளாகக் குடியிருந்தும் அந்தக் காம்பரா எங்கள் பெயரில் இல்லை. கையடக்கத் தொலைபேசியின் சிக்னலோ பிள்ளையார் கோயில் மேட்டில்தான் கிடைக்கும். கடைசியில் நகரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தேன்.

மலைநாட்டுக்கு வந்து வேலை செய்ய நினைப்பவர்களுக்கு என் அனுபவத்தில் சில விடயங்களைச் சொல்லலாம். சிக்னலைச் சந்தியில் நின்று பார்க்காதீர்கள். மேசை போடப்போகும் அறைக்குள் பாருங்கள். ஒரு மேடு மறைத்தாலே போதும், இணைப்பு அறுந்துவிடும். மின்சாரம் நின்றால் ரவுட்டரை இயக்க ஒரு மின்கலமும், இன்னொரு வலையமைப்பின் சிம் அட்டையும் வைத்திருங்கள்.

இவற்றைவிட முக்கியமானது வீட்டின் பின்புறம். மலையை வெட்டி எடுத்த மண்மேடு சுவரை ஒட்டி நிற்கிறதா, சுவரில் புது வெடிப்புகள் உண்டா, மரங்கள் சாய்ந்திருக்கின்றனவா, ஊற்றுநீர் திடீரென்று கலங்கி வருகிறதா என்று கவனியுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று கட்டங்களாக விடுகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும். செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக வேண்டும். சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும்.

நான் வெளியேறலாம். வாடகை கொடுக்கக்கூடியவனுக்கு வேறு வீடு கிடைக்கும். லயத்தில் இருப்பவர் எங்கே போவார்? இதே பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயன்களை மூடியது. அங்கே ஆபத்து இருப்பது முன்னரே தெரிந்திருந்தது. போவதற்கு அந்த மக்களுக்கு ஓர் இடம் இருக்கவில்லை.

2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து அதைவிடப் பல மடங்கு உழைக்கிறேன். என்னைப் போன்றவர்கள் வர வர நகரில் வாடகையும் ஏறுகிறது. தோட்டத்தை விட்டு நகருக்கு வர நினைக்கும் குடும்பம் அந்த வாடகையோடுதான் போட்டிபோட வேண்டும். இந்தக் கணக்கில் எனக்கும் பங்குண்டு.

போன மாதம் அக்காவின் மகள் ஒரு வேலைக்கு விண்ணப்பித்தாள். முகவரிக் கட்டத்தில் என் வாடகை வீட்டு இலக்கத்தை எழுதினாள். “தோட்டத்துக்குப் போட்டா நேர்முகப் பரீட்சை முடிஞ்ச பிறகுதான் கடிதம் வரும், மாமா” என்றாள்.

எனக்கு இந்த முகவரி கிடைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அம்மா அதே லயத்தில் அறுபது வருடங்களாக இருக்கிறார். காணி உரிமையும் தனி முகவரியும் கேட்பது சலுகைக்காக அல்ல. ஒரு கடிதம் நேரத்துக்கு வீடு வந்து சேர்வதற்காகவும்தான்.